அண்டை மாநிலத்தில் ஒரு வீடு

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடைபெற்ற விளக்கக் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குதல் என்று சொன்னவுடன், அது பட்டணத்து முதலாளிகளின் விவகாரம், பால்மரம் வெட்டுகின்ற நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்போர் உங்களில் பலர் இருப்பீர்கள். என் எண்ணம் அதற்கு நேர்மாறானது. இந்நாட்டில் இந்த முறை யாருக்காவது மிகவும் பொருந்துமென்றால், அது தோட்டத்தில் வேலை செய்பவருக்கே பொருந்தும். காரணம் எளிது. வேலையில் இருக்கும் வரையில் தோட்ட நிருவாகம் அவருக்குக் குடியிருக்க வீடு கொடுக்கிறது. ஆகவே அவருக்கு வீட்டு வாடகை என்ற செலவு இல்லை. வேலை ஓய்ந்ததும் அந்த வீட்டைத் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. அன்று அவருக்கு வீடே இல்லை. முதல் நாள் பெரட்டுக்கும் கடைசி நாள் பெரட்டுக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிடுகின்றன. அந்த முப்பது ஆண்டுகளில் வேறோர் இடத்தில் நம் பெயரில் ஒரு வீடு இருந்து, அதில் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகை வங்கிக் கடனின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு வந்தால், ஓய்வு பெறும் நாளில் அந்த வீட்டின் சாவி நம் கையில் இருக்கும்.

வேறோர் இடம் என்றேனே, அது எந்த இடம்? பினாங்குத் தீவில் வீட்டு விலை நம் கைக்கு எட்டுவதில்லை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாலத்தைக் கடந்து செபராங் பிறையையும் தாண்டினால் கெடா மாநிலம். அங்கே சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களில் அதே அளவுள்ள வீட்டின் விலை வெகுவாகக் குறைகிறது. விலை மட்டும் குறைந்திருந்தால் போதாது. குறைந்த விலை வீடுகள் ஆளில்லாத ஊர்களிலும் உண்டு. இந்த ஊர்களுக்கு உயிர் கொடுப்பவை தொழிற்சாலைகள். 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கப்பெற்றது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பெற்றது. அதற்கு முன்னர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே படகுப் பயணம்தான். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்று, மின்னணுவியல் நிறுவனங்கள் பல அங்கேயே வந்து சேர்ந்தன. 2015 முதல் பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் புசார் வரை கொமியூட்டர் மின்ரயில் ஓடுகிறது. அது சுங்கைப்பட்டாணியில் நின்று செல்கிறது. இவற்றால் அங்கே குடியேறிய தொழிற்சாலை ஊழியர்கள் வாடகை வீடு தேடுகின்றனர். அந்த ஊழியர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கின்றனர் என்பது வேறு செய்தி.

மற்றொரு மாநிலத்தில் உடைமை வாங்குவது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்றபொழுது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகக் கூறுபோட்டனர். தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். அந்தத் துயரத்துக்கு மாற்றாகவே 1960ஆம் ஆண்டில், அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்று நூறு வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் செலுத்தலாம். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களிடம் எடுத்துச் சொன்னார். அவ்வாறு சேர்ந்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் ஆகும். பேராவிலும் சிலாங்கூரிலும் பால்மரம் வெட்டிய உறுப்பினர்கள், தாங்கள் கண்ணால் காணாத ஒரு கெடாத் தோட்டத்துக்குப் பங்காளிகள் ஆனார்கள். அந்த ஏற்பாட்டில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சங்கத்தின் நிருவாகம் இருந்தது. தனி ஒருவர் வீடு வாங்கும்பொழுது அப்படி ஒரு நிருவாகம் கிடையாது. எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டு மேலே சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் கணக்கு. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். கரும்பலகை இல்லாமல் கணக்குச் சொல்வது எனக்குச் சற்றுச் சிரமம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டாக வீட்டின் விலை 120,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வங்கி நூற்றுக்குத் தொண்ணூறு கடன் கொடுத்தால் கடன் 108,000 வெள்ளி. கைப்பணம் 12,000 வெள்ளி. வட்டி நூற்றுக்கு நாலரை, தவணை 25 ஆண்டுகள் என்றால், மாதந்தோறும் ஏறத்தாழ 600 வெள்ளி கட்டவேண்டும். வாடகை 650 வெள்ளி கிடைக்கிறது எனில், ஆண்டுக்கு வரவு 7,800, கடனுக்குப் போவது 7,200, மீதம் 600 வெள்ளி. பார்ப்பதற்கு ஆதாயமாகத் தோன்றும். ஆண்டில் ஒரே ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அந்த 600 வெள்ளியும் மறைந்து, 50 வெள்ளி கைவிட்டுப் போகும். நிலவரி, வீட்டு வரி, தீக் காப்புறுதி, ஒழுகும் கூரை, சாயம் பூசுதல் எல்லாம் இதற்கு மேல். அடுக்குமாடி வீடானால் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. ஆகவே மாத வருமானத்துக்காக இதில் இறங்குவோர் ஏமாறுவர். மாதம் ஐந்து காசு மிஞ்சாவிட்டாலும் கடன் குறைந்துகொண்டே வருகிறதே, அதுதான் இதில் கிடைக்கும் ஆதாயம்.

வாங்கும்பொழுது ஆகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று, அதற்குமேல் 500,000 வரை நூற்றுக்கு இரண்டு. நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு 1,400 வெள்ளி ஆகிறது. முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் அறிவிக்கும் விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டறிக. கடன் பத்திரத்துக்கான முத்திரை வரியும் வழக்கறிஞர் கட்டணமும் தனி.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இந்த ஒரு சம்பளத்தை மட்டும் நம்பி இக்கடனைத் தாங்குவது கடினம், வங்கியும் தயங்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து, அல்லது தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகனோ மகளோ சேர்ந்து எடுத்தால் இயலும். ஆறு மாதத் தவணையை வாடகை இன்றியே கட்டக்கூடிய சேமிப்பு கையில் இல்லாதவர் இன்னும் ஓரிரு ஆண்டு பொறுத்திருப்பதே மேல்.

அடுத்து, இதைவிட முக்கியமான செய்தி: பத்திரம். நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கெடாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலங்கள் நிறைய உண்டு. அத்தகைய நிலத்தில் நிற்கும் வீட்டை நாம் வாங்க முடியாது. பணம் கொடுத்துக் கைச்சாத்திட்டாலும் அந்த விற்பனை செல்லாது. விலை மிக மலிவாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படும் வீடுகளில் சில இப்படிப்பட்டவையாக இருக்கலாம். முன்பணமாக ஒரு வெள்ளி கொடுப்பதற்கு முன்னரே, அந்த மாவட்ட நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி' எனப்படும் அதிகாரப்பூர்வத் தேடலைச் செய்துவிட வேண்டும். நில உடைமையாளர் யார், அடமானம் இருக்கிறதா, ஒதுக்கீட்டு நிலமா, மாநில அரசின் அனுமதி இன்றி விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு உண்டா, நிரந்தர உரிமையா அல்லது குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மீதம் இருக்கிறது என்பவை அதில் தெரியவரும். மலிவு விலைத் திட்டங்களில் ஒதுக்கப்பட்ட வீடுகளுக்கு, விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் நிபந்தனைகள் இருப்பதுண்டு, அதையும் விசாரியுங்கள்.

புதிதாகக் கட்டப்படும் வீடு என்றால், மேம்பாட்டாளரின் உரிமத்தையும் விற்பனை அனுமதியையும் வீடமைப்பு அமைச்சின் பட்டியலில் சரிபார்க்கலாம். பாதியில் கைவிடப்பட்ட திட்டங்களில் பணத்தைப் போட்டுவிட்டு, வீடும் இன்றிக் கடனும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இந்நாட்டில் உண்டு. ஆகவே முதன்முறை வாங்குவோர், கட்டி முடித்து ஆள் குடியிருக்கும் வீட்டையே வாங்குதல் நலம் என்பது என் கருத்து. லெலோங் எனப்படும் ஏல வீடு மலிவாகக் கிடைக்கும்; ஆனால் உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றும் பொறுப்பும் பழைய நிலுவைகளும் வாங்கியவர் தலையில் விழக்கூடும். அனுபவம் இல்லாதவர்களுக்கு அது வேண்டாம்.

இனி, குடியிருப்பவரைப் பற்றி. ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு வாடகைச் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாமல் வைத்திருந்தது. அது 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்கு வந்தது. இப்பொழுது வாடகையைத் தீர்மானிப்பது அந்த ஊரின் தேவைதான். ஆனாலும் உடைமையாளர் நினைத்தபடி எல்லாம் செய்துவிட முடியாது. வாடகை தராதவரையும் நீதிமன்ற ஆணை இல்லாமல் வலிந்து வெளியேற்றச் சட்டம் இடம்கொடுப்பதில்லை. பூட்டை மாற்றிவிடுவது, சாமான்களைத் தெருவில் வைப்பது ஆகியவை நமக்கே வினையாகும். எனவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் கூடாது. அவர் வேலை செய்யுமிடத்தை விசாரித்து, எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து, அதற்கு முத்திரை வரி கட்டி, இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாக வாங்கிக்கொள்வது வழக்கம். ஐம்பது வெள்ளி கூடத் தருகிறேன் என்று சொல்லும் அறியாத ஆளைக் காட்டிலும், மாதம் தவறாமல் கொடுக்கும் ஆளே வேண்டத்தக்கவர்.

இவ்வளவையும் பார்த்துக்கொள்ள அந்த ஊரில் நமக்கு ஒருவர் வேண்டும். மகளை அங்கே கட்டிக்கொடுத்திருக்கலாம். தம்பி அங்கே வேலையில் இருக்கலாம். அப்படி ஒருவரும் இல்லாத ஊரில், விலை எவ்வளவு குறைவாயினும், நான் வாங்கச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவரக்கூடிய தூரம் என்று எல்லை வகுத்துக்கொள்வது தக்கது. ஜொகூரில் மலிவு, பகாங்கில் மலிவு என்று விளம்பரம் செய்வோர் உண்டு. அங்கே தண்ணீர்க் குழாய் உடைந்தால் பினாங்கிலிருந்து யார் போவது?

ஹோட்டல் மண்டபங்களில், கைப்பணம் இல்லாமலே பத்து வீடு வாங்கலாம் என்று பாடம் நடத்துவோரைப் பற்றியும் ஒரு சொல். 2010 நவம்பர் முதல், மூன்றாவது வீட்டுக்கடன் முதற்கொண்டு வங்கிகள் வீட்டு விலையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று மத்திய வங்கி வரையறுத்தது. ஏன் அப்படிச் செய்தது என்பதை எண்ணிப்பாருங்கள். பொய் விலை எழுதி, மிகுதிப் பணத்தைக் கையில் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால், அந்தக் கடனை முழுவதும் கட்டப்போவது நீங்களே.

ஊழியர் சேமநிதியைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். 2024 மே முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பெற்றுள்ளது. வீட்டுக்காக எடுக்கக்கூடிய பணம் 'அக்கவுன் செஜாத்ரா'வில் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எடுத்தவர், அவ்வீட்டை விற்ற பின்னரே இன்னொரு வீட்டுக்கு எடுக்க முடியும். ஆகவே அந்தப் பணத்தை வாடகை வீட்டில் போடுவோர், பின்னாளில் தாமே குடியேறக்கூடிய வீடாகப் பார்த்து வாங்கவேண்டும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கின்றனவா, முதிய வயதில் ஏறமுடியாத நான்காம் மாடியா என்பதையும் இன்றே பாருங்கள்.

பால்மரம் நட்டு வெட்டுக்கு வர ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்கும் அதே கணக்கு என்று சொல்லலாம். மலேசியக் குடிமகன் ஒருவர் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்றால் ஆதாயத்தில் நூற்றுக்கு முப்பது வரியாகும். நான்காம் ஆண்டில் இருபது, ஐந்தாம் ஆண்டில் பதினைந்து. 2022 முதல், ஆறாம் ஆண்டிலிருந்து அவ்வரி இல்லை.

கடைசியாக, பத்திரம் யார் பெயரில் இருக்கவேண்டும் என்று ஓர் அம்மையார் கேட்டனுப்பியிருக்கிறார். கணவர் பெயரில் மட்டும் எழுதுவதே தோட்டத்தில் வழக்கமாக இருக்கிறது. மனைவியும் அதே நிரையில் மரம் வெட்டி, அதே கடனை அடைக்கிறார். இருவர் பெயரையும் பத்திரத்தில் பாதிப் பாதிப் பங்காக எழுதிக்கொள்ளச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. வழக்கறிஞரிடம் கைச்சாத்திடும் நாளிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவதற்குத் தனிப் பத்திரமும் தனிச் செலவும் ஆகும்.