ஆச்சியின் காது

சங்கப் பொறுப்பாளர்களே, விடுமுறை நாளிலும் பிள்ளைகளை எழுப்பித் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிவரும் அம்மாக்களே, அப்பாக்களே!

நான் ராயப்பேட்டையில் வளர்ந்தவன். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு முற்றம், அதைச் சுற்றி ஆறு குடித்தனம். வீட்டுக்காரர் கூடத்தில்தான் டிவி. ஒருநாள் அதில் '47 நாட்கள்' ஓடிக்கொண்டிருந்தது. பாலசந்தர் 1981இல் எடுத்த படம். பாரீஸுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், பாஷை தெரியாமல் தவிக்கிற பெண்ணின் கதை. ஜெயப்பிரதா அழுகிறார். சிரஞ்சீவி மிரட்டுகிறார். எங்கள் ஆச்சிக்குக் கண்புரை, படம் தெரியாது. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஏலே, இது நம்ம கணேசன்லா பேசுதான்?" என்றாள்.

"இல்ல ஆச்சி, இவரு தெலுங்கு நடிகர், சிரஞ்சீவி."

"மூஞ்சி யாருதா வேணா இருக்கட்டும். குரல் கணேசன் குரல்லா."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அந்தப் படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் நடிகர் டெல்லி கணேஷ்தான் என்று. ஓடிப்போய்ச் சொல்ல ஆச்சி அப்போது இல்லை.

கை தட்டுகிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஓர் ஆச்சியோ, அப்பத்தாவோ, அம்மம்மாவோ இப்படி இருந்திருப்பார்கள்.

ஆச்சி தாமிரபரணிக்காரி. டெல்லி கணேஷும் அந்த ஆற்றங்கரைப் பக்கம்தான்: 1944இல் வல்லநாட்டில் பிறந்தவர். அதனால்தான் ஆச்சிக்கு அவர் 'நம்ம கணேசன்'. 1964இல் விமானப் படையில் சேர்ந்து பத்து வருஷம் வேலை பார்த்தார். அவரை நடிகராக்கிய மேடை எங்கே இருந்தது தெரியுமா? மயிலாப்பூரில் இல்லை, தி.நகரில் இல்லை. டெல்லியில். பிழைக்கப் போன இடத்தில் தமிழர்கள் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவில். பெரியோர்களே, அதுவும் உங்கள் சங்கத்தைப் போல ஒன்றுதான். ஊரை விட்டு வந்தவர்கள் கூடித் தமிழ் பேசிய இடம். அங்கிருந்து சென்னை வந்து, 1977இல் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அவர் திரைக்கு வந்தபோது, டெல்லியும் பெயரோடு கூடவே வந்தது.

பிறகு 400 படங்களுக்கு மேல். 'பசி'யில் ரிக்‌ஷா இழுக்கும் முனியாண்டி; எங்கள் சந்தில் தினமும் காதில் விழுந்த மெட்ராஸ் தமிழ். 'சிந்து பைரவி'யில் குடியை விட முடியாத மிருதங்க வித்வான். 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு மணி ஐயர்... ஆமாம், சாம்பாரில் மீன் விழுந்ததே, அதேதான்! நெல்லைச் சீமையில் பிறந்த ஒரு நாக்கில் எத்தனை ஊர்த் தமிழ் குடியிருந்தது பாருங்கள். 2024 நவம்பர் 9 அன்று, 80 வயதில் அவர் காலமானார்.

சிரஞ்சீவிக்கு அவர் செய்த டப்பிங் லேசான வேலை இல்லை. இருட்டறை. திரையில் இன்னொருவர் வாய் அசையும். 'ப'வும் 'ம'வும் வருகிற இடத்தில் அவர் உதடு மூடினால், நம் சொல்லும் அங்கே மூட வேண்டும். அவர் மூச்சு வாங்கினால் நாமும் வாங்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் திரையில் தெரிவது அவர் முகம். நம்முடையது குரல் மட்டும்.

காலையிலிருந்து உங்கள் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாக ஆடினார்கள், மனசு நிறைந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. ஒலிபெருக்கியில் வந்த தமிழெல்லாம் சினிமாப் பாட்டுக்காரர்களின் தமிழ். பிள்ளைகள் உதடு மட்டும் அசைத்தார்கள். டெல்லி கணேஷ் இன்னொருவர் முகத்துக்குத் தன் குரலைக் கொடுத்தார். நாம் நம் பிள்ளைகள் முகத்துக்கு இன்னொருவர் குரலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"தமிழ் புரியும், பேசத்தான் மாட்டான்." இன்று எத்தனை பேர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டீர்கள்! புரிகிறது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். மீதிக்கு அவனுக்கு ஒரு வசனம் வேண்டும். பேசினால்தான் கதை நகரும் என்கிற ஒரு வேஷம் வேண்டும். அம்மா, அப்பா, நீங்களும் பிள்ளையிடம் புத்தகத் தமிழ் பேசித் திணற வேண்டாம். கோயம்புத்தூர்க்காரர் கோவைத் தமிழில் கொஞ்சுங்கள், யாழ்ப்பாணத்துக்காரர் யாழ்ப்பாணத் தமிழில் கண்டியுங்கள். பிள்ளை தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். ஒருமுறை சிரித்தால் அந்த வாய் பிறகு திறப்பது கஷ்டம்.

சங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் அரை மணி நேரம் ஒரு நாடகம் போடுங்கள். பதிவு செய்த குரல் வேண்டாம். பிள்ளைகளே பேசட்டும், மறந்தால் நின்று யோசிக்கட்டும், தாத்தா பாட்டிகளும் கூட நடிக்கட்டும். அதை ஊரில் இருக்கும் ஆச்சிக்குத் தொலைபேசியில் கேட்கவிடுங்கள். படம் வேண்டாம், குரல் மட்டும் போதும். அங்கே, கண் தெரியாத ஒரு கிழவி சுவரில் சாய்ந்தபடி சொல்லட்டும்: "இது நம்ம பேத்தி குரல்லா!"