யயாதியின் மகள் மாதவி
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மாதவி என்றவுடன் தமிழராகிய நம் நினைவில் எழுபவள் சிலப்பதிகாரத்து ஆடல்மகளே. யான் இன்று பேச எடுத்துக்கொண்டவள் அவளல்லள். வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் சில அத்தியாயங்களில் மட்டும் தோன்றி மறையும் வேறொரு மாதவி. சந்திர குலத்து யயாதி மன்னனின் புதல்வி. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியை நம்முட் சிறு குழந்தையும் அறியும். சோழ மன்னரும் அவனைத் தம் குல முன்னோனாகக் கொண்டு செம்பியர் என்று பெயர் பூண்டனர். ஆயினும், அச்சிபியைப் பெற்ற தாய் யாரென வினவின், விடை கூற வல்லார் மிகச் சிலரே. அத்தாயே இம்மாதவி.

அவள் வரலாற்றைச் சுருங்கக் கூறுவேன். விசுவாமித்திரரின் சீடராகிய காலவர், கல்வி முடிந்ததும் குருதட்சிணை கொடுத்தே தீர்வேன் என்று நின்றார். வேண்டாவென்று குரு பன்முறை கூறியும் கேட்டிலர். குருவும் வெகுண்டு, ஒரு காது மாத்திரம் கறுத்து, மேனியெல்லாம் நிலவுபோல் வெளுத்த குதிரைகள் 800 கொணர்க என்றார். காலவர் தம் நண்பனாகிய கருடனோடு யயாதியை அடைந்து யாசித்தார். யயாதியிடம் அத்தகைய குதிரை ஒன்றேனும் இல்லை. செல்வமும் முன்போல் இல்லை. எனினும், இரந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பின் தன் புகழ் குன்றுமென்று அஞ்சினான். ஆகவே, தன் மகளைக் கொடுத்து, இவளுக்குச் சுல்கமாக அரசர் தம் இராச்சியத்தையும் தருவர், குதிரைகள் எம்மாத்திரம் என்றான்.

காலவர் அவளை அயோத்தி அரசனாகிய ஹரியசுவனிடம் அழைத்துச் சென்றார். அவன் அவளுடைய அங்க லட்சணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பின்னர், தன்னிடம் 200 குதிரைகளே உள்ளன என்றான். ஒவ்வொரு பிள்ளைப்பேற்றின் பின்னும் மீண்டும் கன்னியாகும் வரம் மாதவிக்கு இருந்தது. அதனை அவளே எடுத்துரைத்து, நான்கு அரசரிடம் என்னை அளித்து உமது கடனைத் தீர்த்துக்கொள்ளும் என்றாள். அவ்வாறே அயோத்தியில் வசுமனனையும், காசியில் திவோதாசனுக்குப் பிரதர்த்தனனையும், போச நாட்டில் உசீநரனுக்குச் சிபியையும் பெற்றாள். ஒவ்வொரு முறையும் குழந்தையைத் தந்தையிடமே விட்டு, அரச போகத்தையும் துறந்து, காலவர் பின்னே நடந்தாள்.

குதிரைகள் 600 ஆயின. எஞ்சிய 200 உலகில் எங்குமே இல்லையென்று கருடன் கூறினான். ரிசீக முனிவர் காதி மன்னனின் மகளை மணக்கச் சுல்கமாகத் தந்த 1,000 குதிரைகளே இவ்வினத்தின் முழுத்தொகை. அவற்றுள் 400 விதஸ்தை நதியைக் கடக்கையில் போயின. ஆதலின், 600 குதிரைகளோடு மாதவியையும் குருவினிடமே காலவர் ஒப்புவித்தார். அவரோ, இவளை முதலிலேயே எனக்குத் தந்திருப்பின் நான்கு புதல்வரும் எனக்கே பிறந்திருப்பரே என்றார்! அவர்பால் அஷ்டகன் பிறந்தான்.

சபையோரே! இக்கதையில் பேசுவோர் அனைவரும் தருமத்தையே பேசுகின்றனர். சீடன் குருகடன் என்கிறான். தந்தை தானம் என்கிறான். அரசர் சந்ததி என்கின்றனர். மகளே, உனக்குச் சம்மதமா என்று கேட்டவர் மட்டும் ஒருவருமில்லை. வழி சொன்னவள் அவளேயன்றோ, அதுவே சம்மதமன்றோ என்று சிலர் வினவலாம். முன்னரே கொடுக்கப்பட்டுவிட்ட பின் சொன்ன யோசனை அது. நீரில் தள்ளப்பட்டவள் நீந்தினாள் என்பதனால், குதிக்க விரும்பினாள் என்று கொள்ளலாகாது. அவ்வார்த்தையிற் காண்பது அவளுடைய அறிவும் இரக்கமுமே.

அவளது விருப்பம் யாதென்பது பின்னரே வெளிப்படுகிறது. மகள் திரும்பி வந்ததும் யயாதி, கங்கையும் யமுனையும் கூடுமிடத்தில் சுயம்வரம் கூட்டினான். சகோதரராகிய பூருவும் யதுவும் அவளைத் தேரில் அழைத்து வந்தனர். தெரிவு செய்யும் உரிமை அன்றுதான் அவள் கைக்கு எட்டியது. கூடியிருந்த வரன்கள் அனைவரையும் கடந்து சென்று, வனத்தையே வரனாக வரித்தாள். இளம்புல்லை உண்டு, சுனைநீர் பருகி, மான்களோடு மானாய்த் தவம் புரிந்தாள். சினந்து ஒரு சொல்லும் கூறினாளில்லை. அச்செயலே அவள் கூறிய விடையாகும்.

நாரதர் இக்கதையைக் கௌரவர் சபையிலே, பிடிவாதத்தின் தீமையை உணர்த்தும் பொருட்டுத் துரியோதனனுக்குக் கூறினார். காலவரின் பிடிவாதத்துக்கும் யயாதியின் புகழாசைக்கும் விலை செலுத்தியவள், அவ்விரண்டிலும் பங்கில்லாத ஒரு பெண். நம் இல்லங்களில் நடைபெறும் விவாகப் பேச்சுக்களை இவ்வுரைகல்லில் உரைத்துப் பாருங்கள். அக்காலத்தில் பெண்ணுக்குச் சுல்கம் வாங்கினர். பிற்காலத்தில் பிள்ளைக்கு வரதட்சிணை வாங்கினர். கொடுக்கும் கை மாறிற்றேயன்றி, எண்ணிப் பார்க்கும் வழக்கம் மாறவில்லை. 1961ஆம் ஆண்டில் வரதட்சிணைத் தடைச் சட்டம் பிறந்தும், பவுனையும் ரொக்கத்தையும் கூட்டிக் கழித்து நிச்சயமாகும் சம்பந்தங்கள் ஒழிந்தபாடில்லை. ‘ஊரார் என்ன சொல்வர்?’ என்று கடன்பட்டும் கொடுக்கும் தந்தை யயாதியின் வழியில் நிற்கிறான். வேண்டாத தட்சிணையைக் கௌரவத்தின் பேரால் வற்புறுத்துவோர் காலவரின் வழியில் நிற்கின்றனர்.

கதையின் முடிவைக் கேளுங்கள். சுவர்க்கம் புகுந்த யயாதி, அங்கும் செருக்குற்றதனால் கீழே வீழ்ந்தான். நைமிசவனத்தில் வேள்வி செய்துகொண்டிருந்த நால்வரிடையே வீழ்ந்தான். அந்நால்வரும் மாதவியின் மக்கள். அவர்கள் தம் புண்ணியத்தை ஈய முன்வந்தபோது, அரசன் பிறர் பொருளை ஏற்றலாகாதென மறுத்தான். அப்போது மாதவி அங்கு வந்தாள். தந்தையை வணங்கி, இவர்கள் உம் பேரரென அறிவித்து, தான் ஈட்டிய தருமத்தில் பாதியையும் அளித்தாள். யயாதி மீண்டும் சுவர்க்கம் ஏறினான். எவளைப் பொருளாக எண்ணிக் கைம்மாறினானோ, அவள் கானகத்தில் தானே தேடிய பொருளே அவனைக் கரையேற்றிற்று. அவள் அதனைத் தந்தது ஒருவரும் ஏவாமல், தன் மனமுவந்து. அவள் வாழ்நாளில் கொடுக்கப்பட்டது பலமுறை. தானே தனதென்று கொடுத்தது அன்றுதான்.

ஆதலின் பெற்றோர்களே! சம்பந்தம் பேசப் பெரியோர் கூடுமுன்னர், உங்கள் மகளைத் தனியே அழைத்து அவள் கருத்தைக் கேளுங்கள். அவள் மறுப்பின், அம்மறுப்பைக் குலத்துக்கு நேர்ந்த இழுக்கென்று எண்ணாதீர்கள். சிபியின் புகழைப் பாடும் நாம் அவன் தாயை மறவாதிருப்பதற்கு இதனினும் சிறந்த வழி யான் அறியேன்.