பாட்டை நிறுத்திய விடுதிக்காரர்



பத்தாண்டு நிறைவு விழாவிலே மதுவிடுதி ஒன்றைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணலாம். ஆங்கில இலக்கியத்தின் புகழ்பெற்ற கதையரங்கம் கூடியது அரண்மனையில் அன்று, விடுதியில்தான்.

இலண்டனில் தேம்சு ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது டபார்டு விடுதி. கான்டர்பரிக்குப் புனிதப் பயணம் செல்வோர் இரவு தங்கி, உண்டு, குடித்து, விடியலில் புறப்படும் இடம் அது. சாசரின் 'கான்டர்பரி கதைகள்' அங்குதான் தொடங்குகிறது.

அதில் வரும் விடுதிக்காரர் ஹாரி பெய்லி வெறுங்கற்பனை அல்லர். 1376இலும் 1378இலும் சதர்க்கின் சார்பில் நாடாளுமன்றம் சென்ற பெய்லி என்னும் விடுதிக்காரர் அங்கு வாழ்ந்திருக்கிறார். காவியத்தில் அவரே நடுவர். வழிநெடுகக் கதை சொல்ல வேண்டும். சிறந்த கதைக்கு மற்றவர் செலவில் விருந்து. தம் தீர்ப்பை மறுப்பவர் பயணச் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

சாசர் தம்மையும் பயணியருள் ஒருவராக்கிக்கொண்டு பாடத் தொடங்குகிறார். செவி நோகிறது என்று பெய்லி இடையிலேயே நிறுத்திவிடுகிறார். உரைநடையிலாவது ஏதேனும் சொல்லும்படி பணிக்கிறார். கவிஞரும் இணங்குகிறார். தாம் படைத்த பாத்திரத்தின் வாயாலேயே தம் பாட்டைத் தள்ளச் செய்த அந்த நெஞ்சுரத்தை என்னென்பது!

1400இல் சாசர் மறைந்தார். விருந்து எவருக்கு என்பது தீராமலே காவியம் நின்றது. 1676இல் மூண்ட பெருந்தீ விடுதியை அழித்தது. மீண்டும் கட்டியபோது பெயர் 'டால்பட்' ஆயிற்று. டபார்டு என்பது கையில்லா மேலங்கி. டால்பட் என்பது வேட்டை நாய். 1873இல் அதுவும் இடிக்கப்பட்டது. 2003இல் பதித்த நினைவுப் பலகையே இன்று எஞ்சியுள்ளது.

அதே தீயில் எரிந்து, 1677இல் மீண்டெழுந்த பக்கத்து விடுதியாகிய ஜார்ஜ் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் பழைய தலைவர்களுள் ஒருவர் பெயரேனும் நம் நினைவுக்கு வருமா? கட்டடம் நின்ற இடத்தில் பெயர்கள் மங்கின. கட்டடம் மறைந்த இடத்தில் ஒரு பெயர் வாழ்கிறது. பெய்லியை வாழவைத்தது அவர் ஊற்றிய மது அன்று, கேட்ட செவி.

அன்பர்களே, பத்தாண்டுகளாக ஒருவர் கவிதைக்கு மற்றவர் கைதட்டிப் பழகிவிட்டோம், நானும் விலக்கல்லள். அவையிலே தடை எழுப்பி விடை கேட்டு நூலை அரங்கேற்றிய மரபு நம்முடையது. 'போதும்' என்று சொல்லும் அன்பும், அதனைக் கேட்டுக்கொள்ளும் பணிவும் இனியேனும் நம்மிடையே வளரட்டும்.