வீட்டு ஸ்டுடியோ: காசை முதல்ல எதுல போடுறது?

நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வெச்சிருக்கோம். கையில ஒரு லட்சம் இருக்கு. வீட்லயே ரெக்கார்ட் பண்ண என்னென்ன வாங்கலாம்?" இதுக்கு நான் பண்ணின தப்புலேர்ந்தே பதில் சொல்றேன்.

எங்க பேண்டும் இப்படித்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு காசு சேர்த்தோம். கீபோர்ட் வாசிக்கிற தம்பி, பைக்குக்கு எடுத்து வெச்சிருந்ததைக் கொடுத்தான். அதுல முக்கால்வாசியைக் கொண்டுபோய் ஒரே ஒரு விலை உயர்ந்த கண்டென்சர் மைக்ல போட்டேன். ரூம் பத்துக்குப் பத்து, சுவரெல்லாம் மொட்டை. பாட்டு மட்டுமா பதிவாச்சு? ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி, சுவர் எதிரொலி எல்லாமே துல்லியமா பதிவாச்சு! நாலு பாட்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிடுச்சு. அன்னிக்குத் தம்பி ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

அதனால முதல் செலவு ரூமுக்கு. முட்டை அட்டை ஒட்டினா சத்தம் வெளியே போகாதுன்னு நம்பாதீங்க. சத்தத்தைத் தடுக்க கனமான சுவரும், இடுக்கு இல்லாத கதவும் வேணும். நம்மால முடிஞ்சது எதிரொலியைக் குறைக்கிறது. ராக்வூலை மரச் சட்டத்துல அடைச்சு, துணி போர்த்தி, மூலைகள்லயும் பாடுறவருக்குப் பின்னாடியும் வைங்க. அதுவும் முடியலையா? கனமான ரஜாய் தொங்கவிட்டாலே குரல்ல வித்தியாசம் தெரியும்.

அடுத்தது ஆடியோ இன்டர்ஃபேஸ். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, "ஒரே நேரத்துல எத்தனை பேர் வாசிப்போம்?" டிரம்ஸுக்கு கிக், ஸ்னேர், மேலே ரெண்டு ஓவர்ஹெட்னு நாலு மைக். பேஸ் ஒண்ணு, கிடார் ஒண்ணு, கீபோர்டுக்கு ரெண்டு, குரல் ஒண்ணு. கூட்டினா ஒன்பது இன்புட். ஆனா டிரம்ஸை முதல்ல எடுத்துட்டு, மத்தவங்க ஒவ்வொருத்தரா அதுமேல வாசிச்சா நாலு இன்புட்டே போதும். மிச்சமாகிற காசு பெருசு. ஒண்ணு மட்டும் பாருங்க: நாலுமே மைக் இன்புட்டா இருக்கணும். சில மாடல்ல நாலுன்னு போட்டிருப்பாங்க, அதுல ரெண்டுதான் மைக்குக்கு. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் வேணும்.

மைக்னா, ட்ரீட் பண்ணாத ரூமுக்கு டைனமிக்தான் என் சிபாரிசு. கிட்ட வெச்சுப் பாடினா சுத்துப்பட்டுச் சத்தம் குறைவாத்தான் வரும். 1965ல வந்த ஷூர் எஸ்எம்57 இன்னிக்கும் ஸ்னேருக்கும் கிடார் ஆம்புக்கும் உழைக்குது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982ல வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பத்தை, நியூஜெர்சியில தான் தங்கியிருந்த வீட்ல, நாலு டிராக் கேசட் ரெக்கார்டர்ல, ரெண்டு எஸ்எம்57 வெச்சுத்தான் பதிவு பண்ணினார்.

எல்லாரும் மறக்கிறது ஹெட்ஃபோன். காதை முழுசா மூடுற குளோஸ்டு பேக் வகை வாங்குங்க, இல்லைன்னா கிளிக் சத்தம் மைக்ல ஏறிடும். சேர்ந்து வாசிக்கிறவங்க எல்லாருக்கும் கேட்கணும்னா ஒரு ஹெட்ஃபோன் ஆம்பும் வேணும். கேபிள், ஸ்டாண்டுக்கும் காசு ஒதுக்கி வைங்க.

மானிட்டர் ஸ்பீக்கர் கடைசிதான். பத்தடி இடைவெளியில இருக்கிற ரெண்டு சுவருக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் சில இடத்துல குவியும், சில இடத்துல காணாமப் போகும். அந்த ரூம்ல எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் உண்மையைச் சொல்லாது. அஞ்சு இஞ்ச் போதும்.

கடைசியா ஒண்ணு. வாங்குறதுக்கு முன்னாடி ஃபோன்லயே ஒரு பாட்டை முழுசா பதிவு பண்ணி, அஞ்சு பேரும் உட்கார்ந்து கேளுங்க. குறை ரூம்லயா, வாசிப்புலயா, மைக்லயான்னு ஓரளவுக்குத் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் பட்டியல் போடுங்க. அது அஞ்சு பேர் காசு, ஒருத்தர் ஆசைக்காகச் செலவு பண்ணாதீங்க.