குதிரும் ஆலையும்



கப்பல் ஒன்று வராமற்போனதால் பிறந்தது சேலத்துச் சவ்வரிசி என்றால் வியப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், மலேயாவும் ஜாவாவும் ஜப்பானியர் வசமாயின. அங்கிருந்து வந்த சவ்வரிசி நின்றது. 1943-இல் சேலத்தார் மரவள்ளிக் கிழங்கைக் கொண்டு அதனைத் தாமே செய்யத் தொடங்கினர். (மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளியே; அதனை நாம் மறந்துவிட்டோம்.)

தொலைவிலிருந்து வரும் உணவு என்றேனும் நின்றுபோகும் என்பதற்கு இது சான்று. ஆயின், பின்னர் நிகழ்ந்தது யாது? நம் சவ்வரிசியில் பெரும்பகுதி இன்று வடக்கே செல்கின்றது. மகாராட்டிரத்தில் அது நோன்பு உணவு. கொல்லிமலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் மரவள்ளி நிற்கின்றது. மலைமக்கள் கிழங்கை விற்று, நியாய விலைக் கடையில் அரிசி பெறுகின்றனர்.

மரவள்ளியை நான் பழியேன். என் மாணவர் பலர் அப்பணத்தால் கல்லூரி கண்டவர்கள். எனினும் ஒன்றைக் கருத வேண்டும். சாமை உமியோடு குதிரில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கிழங்கோ, பிடுங்கிய இரண்டொரு நாளில் கெடத் தொடங்கும். ஆலை வாயிலில் வண்டியோடு நிற்கும் உழவர், மாவுச்சத்துக்குப் 'பாயிண்ட்' பார்த்துச் சொல்லும் விலையை மறுத்துத் திரும்ப இயலுமா? 1981-இல் தோன்றிய சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம், ஆலையாளரின் சவ்வரிசியைக் கிடங்கில் வைத்து விற்றுத் தருகின்றது. ஆலையாளர் காத்திருக்கலாம், கிழங்குக்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஆகவே, மரவள்ளிக் காட்டின் ஓரத்தில், வீட்டுக்கு வேண்டிய அளவேனும் சாமை விதையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விதை கொல்லிமலையில் இன்னும் இருக்கின்றது.