படத்தைத் திருத்துவோம், முகத்தை மாற்றோம்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சிறுசேரியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரை)

 

பள்ளித் தலைமையாசிரியருக்கும் புகைப்படத் திருத்தத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். மாணவப் பருவத்தில், விடுமுறை நாள்களில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடி வேலை செய்தவன் நான். இருட்டறையின் சிவப்பு விளக்கொளியில், தாளின்மேல் ஒரு முகம் மெல்லத் தோன்றுவதைக் கண்ட வியப்பு இன்றும் மாறவில்லை. நம் இளைஞர் பலர் இன்று திருமணங்களுக்கும் ஊர் விழாக்களுக்கும் படமெடுத்துப் பொருளீட்டுகின்றனர். அவர்கள் இத்தொழிலில் உயர வேண்டும் என்னும் ஆசையால் இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் பழைய மாணவர் ஒருவர் மறைந்த தம் தந்தையாரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வீட்டிற்குக் கொண்டுவந்தார். தந்தையார் வாழ்நாள் முழுவதும் வயல் வெயிலில் உழைத்தவர். படத்தை நெடுநேரம் பார்த்த தாயார், "யாருப்பா இது?" என்று கேட்டார். கரிய முகம் ரோசா நிறமாகியிருந்தது. மண்வெட்டி பட்டு நெற்றியில் விழுந்த தழும்பு காணாமற் போயிருந்தது. மாணவர் ஓடோடிச் சென்று பழைய படத்தைக் கேட்டார். திருத்தியவரோ மூலப்படத்தின் மீதே திருத்தத்தைச் சேமித்துவிட்டார். வேறு படம் வீட்டில் இல்லை. "அந்தத் தழும்பை இனி எங்கும் பார்க்க முடியாது, ஐயா" என்று அவர் என்னிடம் சொன்னார். தீய எண்ணத்தோடு எவரும் இதைச் செய்யவில்லை. வெளுப்பதே அழகு என்று பழகிய கை செய்த வேலை அது.

இப்பழக்கம் கணினியோடு வந்ததன்று. பிலிம் காலத்திலேயே நெகட்டிவின் மீது கூரிய பென்சிலால் தீட்டி 'டச்சப்' செய்வார்கள். நெகட்டிவில் எங்குக் கருமை கூடுகிறதோ, அச்சில் அங்கு வெண்மை கூடும். அயல்நாட்டிலும் இவ்வாறே. அச்சிடும் நிலையங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளை இனப் பெண் ஒருவரின் படமே இருந்தது. அவர் முகம் சரியாக வந்தால் அச்சு சரி என்பது கணக்கு. கரிய முகங்கள் இருண்டு போனால் கேட்பாரில்லை. பல நிறத்தவரையும் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. ஆகவே, நம் முகம் படத்தில் சரியாக விழவில்லை என்றால் குறை நம் முகத்தில் இல்லை, அளவுகோலில் இருந்தது.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, மூலப்படத்தைத் தொடாதீர்கள். நகல் எடுத்து, நகலையே திருத்துங்கள். மூலத்தை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

இரண்டாவது, இயலுமாயின் 'ரா' கோப்பாகப் படமெடுங்கள். சாதாரண 'ஜேபெக்' கோப்பில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் 'ரா' கோப்பிலோ 16,384 படிகள். நிழலில் இருக்கும் முகத்தைத் திட்டுத் திட்டாகாமல் மீட்க இதுவே துணை.

மூன்றாவது, திருத்தத்தின் பாதி வேலை படமெடுக்கும்போதே முடிய வேண்டும். கேமரா தன் முன்னுள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணி ஒளியை அளக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை நிறைந்த காட்சியில் அது ஒளியைக் குறைத்துவிடும். கரிய முகம் மேலும் இருளும். எனவே முகத்தின் மீதே ஒளியை அளந்து கொள்ளுங்கள். ஒரு வெண்ணிறத் தெர்மோகோல் பலகையால் முகத்திற்கு ஒளியைத் திருப்புங்கள்.

நான்காவது, நிறத்தைச் சமன் செய்தல். சிவப்புப் பந்தல் துணியின் சாயல் எல்லார் முகத்திலும் படியும். குழல்விளக்கு பச்சை பூசும். ஒரு சாம்பல் அட்டையை முதலில் படமெடுத்து, அதைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்யுங்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டியை அளவாகக் கொண்டால் ஏமாந்து போவீர்கள்.

ஐந்தாவது, படம் முழுவதையும் வெளிச்சமாக்காதீர்கள். இருட்டறையில் கையால் நிழலிட்டு ஓரிடத்தை மட்டும் வெளிச்சமாக்குவோம். கணினியில் 'பிரஷ்' கருவி அதையே செய்யும். கண்களும் கன்னத்தின் வளைவும் தெளிவாகும் வரை உயர்த்துங்கள். தோலின் நிறம் மாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பின்பு ஒரு மணி நேரம் எழுந்து போய்விட்டு மீண்டும் வந்து பாருங்கள். மிகையாகச் செய்தது அப்போது தெரியும். இவற்றுக்கெல்லாம் 'கிம்ப்', 'டார்க்டேபிள்' ஆகிய இலவச மென்பொருள்களே போதும்.

ஆறாவது, ஒரு வாரத்தில் ஆறிப் போகும் பருவை நீக்கலாம். மச்சம், தழும்பு, சுருக்கம் ஆகியவை அம்மனிதருக்கு உரியவை. அவர் கேளாமல் தொடாதீர்கள்.

"கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க" என்று மணமகள் வீட்டார் கேட்டால் என்ன செய்வது? அவர்களோடு வழக்காட வேண்டா. நல்ல ஒளியில் நிறம் மாறாமல் செய்த படத்தையும், வெளுத்த படத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். நான் கண்டவரையில், தம் பெண்ணின் முகத்தை அடையாளம் கண்டு கொள்ளும் தாய் முதற்படத்தையே எடுத்துக்கொள்கிறாள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானதும், முடிச்சூர்ப் பகுதி நீரில் மூழ்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்ட படம் ஒன்றை நடுவண் அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. விமானச் சன்னல் வழியே தெரிந்த காட்சி வேறொரு படத்திலிருந்து ஒட்டப்பட்டது என்பது உடனே வெளிப்பட்டது. இரு படங்களை இணைத்ததை ஒப்புக்கொண்டு அவ்வலுவலகம் வருத்தம் தெரிவித்தது. பார்வையிட்டது உண்மை; வெள்ளமும் உண்மை. ஆயினும் மக்கள் பேசியது ஒட்டு வேலையைப் பற்றியே. 2006இல், லெபனான் படங்களில் இரண்டு திருத்தப்பட்டவை எனத் தெரிந்ததும், ராய்ட்டர் நிறுவனம் அப்படக்காரரின் 920 படங்களையும் விலக்கிக் கொண்டது.

இளைஞர்களே, இது நமக்குப் பெரிய பாடம். நம் தெருவில் வடிகால் இல்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை என்று மனு கொடுக்கும்போது படத்தை இணைக்கிறோம். அதில் ஒன்றை நாம் கூட்டியோ குறைத்தோ காட்டினால், உண்மையான பத்துப் படங்களும் தள்ளுபடியாகும். சாட்சியாக நிற்கும் படத்தில் ஒளியைச் சரிசெய்யலாம். பொருளைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

தூய்மைப் பணியாளரின் துயரைப் படமெடுத்து வரும் நம் தமிழகத்துப் பழனிக்குமாரை அறிந்து கொள்ளுங்கள். 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே. 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். எவரும் ஏறெடுத்துப் பாராத முகங்களை நாடு பார்க்கச் செய்தது அவர் கேமரா.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்விழா முடிந்ததும் கேமராவோடு வீடுதோறும் செல்லுங்கள். எழுபது கடந்த ஒவ்வொருவரையும் நல்ல ஒளியில், அவரவர் நிறத்திலேயே படமெடுங்கள். மூலப்படங்களைக் கழகத்தில் சேர்த்து வையுங்கள். பேரன் பேத்திகள் ஒருநாள் அவற்றைப் பார்த்து, "இது எங்கள் தாத்தா" என்று தயங்காமல் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய தேர்ச்சி இத்தொழிலில் இல்லை.