சொகுசுக் கப்பலின் புகையும் கரை மின்சாரத்தின் செலவும்

(மும்பையில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மும்பை பல்லார்டு பியரில் ஒரு சொகுசுக் கப்பல் வந்து கட்டப்பட்டதும் அதன் பயணம் நிற்கிறது, எஞ்சின் நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான பயணிகளின் குளிர்சாதன அறைகள், சமையற்கூடங்கள், சலவையகம், நீச்சல் குளம், அரங்குகள் ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் வேண்டும். கப்பலின் அடித்தளத்திலுள்ள ஜெனரேட்டர்கள் எண்ணெயை எரித்து அதைத் தருகின்றன. பெரிய கப்பல் ஒன்று துறைமுகத்தில் நிற்கும்போது ஏறத்தாழ 10 மெகாவாட் மின்சாரத்தை உறிஞ்சுகிறது. மாதம் 100 யூனிட் செலவழிக்கும் குடும்பங்களை எடுத்துக்கொண்டால், சராசரியாக எழுபதாயிரம் வீடுகளின் தேவைக்கு அது சமம். பத்து மணி நேரம் நின்றால் ஒரு லட்சம் யூனிட். அதற்காக எரியும் எண்ணெய் இருபது டன்னுக்கும் மேல்.

அந்தப் புகையைச் சுவாசிப்பவர் யார்? பயணிகள் காலையில் பேருந்தேறி ஊர் பார்க்கச் சென்றுவிடுகிறார்கள். சுமை தூக்குவோர், கயிறு கட்டுவோர், லாரி ஓட்டுநர்கள், துறைமுகத்தை ஒட்டிய குடிசைப் பகுதிகளின் மக்கள் ஆகியோரே அங்கே எஞ்சுகின்றனர். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே வகைப்படுத்திவிட்டது. நம் சாலைகளில் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கலாகாது. கப்பல் எண்ணெய்க்கோ 2020 முதல் நடப்பிலுள்ள உலக வரம்பு 0.5 சதவீதம், அதாவது ஐந்நூறு மடங்கு. துறைமுக வாயிலில் காத்திருக்கும் லாரிக்காரரிடம் புகைச் சான்றிதழ் இல்லையென்றால் அபராதம். உள்ளே நிற்கும் கப்பலின் புகைபோக்கியை நிமிர்ந்து பார்ப்பவர் இல்லை.

இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுவதே கரை மின்சாரம். கப்பல் கட்டப்பட்டதும் தடித்த மின்வடங்கள் வழியாகக் கரையிலிருந்து 6,600 அல்லது 11,000 வோல்ட் மின்சாரம் கொடுக்கப்படும், ஜெனரேட்டர்கள் நிறுத்தப்படும். கோட்பாடு எளிது, செலவோ எளிதன்று. தனித் துணை மின்நிலையம் வேண்டும். நமது மின்கட்டமைப்பு 50 ஹெர்ட்ஸில் இயங்குகிறது; சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸில் இயங்குகின்றன. இரண்டையும் பொருத்தும் மாற்றிகள் விலை மிக்கவை. அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதே இவ்வுரையின் பொருள்.

உலகில் சொகுசுக் கப்பலுக்கு முதன்முதலாகக் கரை மின்சாரம் தரப்பட்டது 2001இல், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலுள்ள ஜூனோ என்ற சிறு நகரில். நீர்மின் நிலையங்களின் உபரி மின்சாரத்தைக் கப்பல் நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. அந்த வருவாய் ஊர் மக்களின் மின்கட்டணத்தைக் குறைக்கவும் உதவியது. நிறுவனத்துக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்துவிடவில்லை. கழிவெண்ணெயைக் கடலில் கொட்டி மறைத்த வழக்கில் வேறொரு பெரும் சொகுசுக் கப்பல் நிறுவனம் 1999இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1.8 கோடி டாலர் அபராதம் கட்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜூனோ மக்கள், கப்பலில் வரும் ஒவ்வொரு பயணிக்கும் 5 டாலர் கட்டணம் விதிக்க வாக்களித்தனர். மக்களின் சினம் அளித்த நெருக்கடியில்தான் மின்வடம் கப்பலுக்கு ஏறியது. பிற்காலத்தில் அக்கட்டணத்தை எதிர்த்து நிறுவனங்களின் சங்கம் நீதிமன்றம் சென்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கலிபோர்னியா வேறு வழியில் சென்றது. துறைமுகத்தில் நிற்கும் கொள்கலன் கப்பல்களும் சொகுசுக் கப்பல்களும் புகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று 2007இல் விதி இயற்றி, 2014 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கும் கட்டமைப்புக்குப் பொதுப்பணம் கொடுக்கப்பட்டது. ஆனால் பணத்தோடு கட்டாயமும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2030 முதல் தன் முக்கியத் துறைமுகங்களில் பெரிய பயணிகள் கப்பல்களும் கொள்கலன் கப்பல்களும் கரை மின்சாரத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று சட்டம் செய்துள்ளது.

பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் அரசு நிதியின் உதவியோடு கரை மின்சாரம் அமைக்கப்பட்டது. ஆயினும் அதில் இணைந்தே தீர வேண்டும் என்ற சட்டம் அங்கில்லை. எண்ணெய் மலிவாக இருக்கும் நாளில் கப்பல் நிறுவனம் எண்ணெயையே எரிக்கும். கணக்கு அப்படித்தான் சொல்லும். கட்டாயமில்லாத இடத்தில் பொதுப்பணம் கொண்டு அமைத்த இணைப்பு, முதலாளியின் விருப்பத்துக்காகக் காத்துக் கிடக்கும் பொருளாகிவிடுகிறது.

இனி நமது நாடு. 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட ‘ஹரித் சாகர்’ வழிகாட்டுதல்கள் கரை மின்சாரத்தையும் பேசுகின்றன. 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ‘குரூஸ் பாரத்’ திட்டம் 2029க்குள் சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க விழைகிறது. அதே 2024இல் நிதிச் சட்டம் இந்நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. வெளிநாட்டுக் கப்பல் நிறுவனம் 100 ரூபாய் வசூலித்தால் 20 ரூபாயே இலாபமாகக் கருதப்படும். அதற்கு 35 சதவீதம் வரி, ஆக 7 ரூபாய். அதன்மேல் வழக்கமான கூடுதல் வரிகள் மட்டுமே. உண்மையான இலாபம் எவ்வளவு என்று எவரும் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. குழும நிறுவனங்களுக்கிடையிலான குத்தகை வருவாய்க்கும் வரிவிலக்கு உண்டு. இவ்வளவும் பெற்றுக்கொள்ளும் கப்பல்களில் பல பனாமா, பஹாமாஸ், லைபீரியா போன்ற நாடுகளின் கொடியேற்றி வருபவை. இந்த வசதிக் கொடிகளுக்கு எதிராகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் 1948 முதல் இயக்கம் நடத்தி வருகிறது. இத்தகையோரின் மின்வடத்துக்கான செலவையும் துறைமுகத்தின் பொதுநிதியிலிருந்து தருவதென்றால், ஓய்வூதியத்துக்காகக் காத்திருக்கும் துறைமுகத் தொழிலாளியிடம் அதற்கு என்ன நியாயம் கூறுவது?

இங்கே ஒரு சிக்கலான உண்மையையும் மறைக்கலாகாது. கப்பலின் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறது. இந்தியாவின் மின்கட்டமைப்பும், நிலக்கரி மிகுந்திருப்பதால், ஏறத்தாழ அதே 0.7 கிலோவை வெளியிடுகிறது. ஆகவே இன்றைய நிலையில் கரை மின்சாரம் துறைமுகத்தின் நுரையீரலுக்கு நன்மை செய்யும். பருவநிலைக்கு அதனால் பயன் சொற்பமே. அதை வைத்துப் ‘பசுமைச் சுற்றுலா’ என்று விளம்பரம் செய்வது ஏமாற்று. தென்மும்பையில் மின்விநியோகம் செய்யும் ‘பெஸ்ட்’ நிறுவனம் டாடாவிடம் மின்சாரம் வாங்குகிறது. டாடாவின் டிராம்பே அனல்மின் நிலையம் மாகுலை ஒட்டி நிற்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் சூழ்ந்த அந்த மாகுலுக்குத்தான், நகரின் வேறு பகுதிகளில் குடிசை இடிக்கப்பட்ட ஏழைகள் அனுப்பப்பட்டனர். அங்குள்ள காற்று மனிதர் வாழத் தகாதது என்ற மக்களின் வாதத்தைத் தொடர்ந்து, எவரையும் அங்கே கட்டாயமாகக் குடியேற்றக் கூடாது என்று மும்பை உயர்நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டது. பல்லார்டு பியரின் புகையை அதே மாகுலின் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவதைத் தூய்மை என்று அழைக்க இயலாது. கப்பலுக்குத் தரும் மின்சாரம் புதிதாக நிறுவப்படும் காற்றாலை, சூரிய மின்நிலையங்களிலிருந்து வர வேண்டும். அதன் முழு விலையையும் கப்பல் நிறுவனமே செலுத்த வேண்டும்.

எனவே துறைமுகத் தொழிற்சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள் கரை மின்சாரத்தை எதிர்க்க வேண்டியதில்லை. உழைக்கும் மக்களின் கோரிக்கையாகவே அதை எழுப்ப வேண்டும். ஆண்டு முழுவதும் வந்து நிற்கும் சரக்குக் கப்பல்களின் தளங்களுக்கே முன்னுரிமை கேட்க வேண்டும். சொகுசுக் கப்பல் வருவதோ ஆண்டில் சில மாதங்கள். கட்டமைப்பைத் துறைமுகமே உடைமையாக வைத்திருக்கலாம். முதலீட்டைக் கப்பலின் எடையளவுக்கும் பயணிகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப விதிக்கும் தீர்வையால் மீட்கலாம். இணைப்பு வசதி இருந்தும் இணையாத கப்பலுக்கு அதைவிடக் கூடுதலான அபராதம் வேண்டும். இணையும் வசதியே இல்லாத பழைய கப்பல்களுக்குக் குறிப்பிட்ட கால அவகாசம் தரலாம், முடிவற்ற அவகாசம் கூடாது. வேறு துறைமுகத்துக்குப் போய்விடுவோம் என்று நிறுவனங்கள் மிரட்டும். மும்பை, மர்மகோவா, கொச்சி, சென்னை நான்கும் ஒன்றிய அரசின் கீழுள்ள பெருந்துறைமுகங்கள். ஒரே விதி ஒரே நாளில் நான்கிலும் நடைமுறைக்கு வருமானால் அந்த மிரட்டல் செல்லாது.

பதினோராயிரம் வோல்ட் மின்வடத்தைக் கப்பலோடு இணைப்பதும் கழற்றுவதும் பயிற்சி தேவைப்படும், உயிருக்கு ஆபத்தான வேலை. மழைக்காலத்தில், ஈரத் தளத்தில், சில நிமிட அவசரத்தில் அது நடக்கும். ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் நாட்கூலித் தொழிலாளரிடம் அதை ஒப்படைக்க நிர்வாகம் முனையும். அந்தப் பணியிடங்களைத் துறைமுகத்தின் நிரந்தரப் பணியிடங்களாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை, ஒப்பந்தப்புள்ளி கோரப்படுவதற்கு முன்பே எழுத்து வடிவில் நிர்வாகத்தின் மேசைக்குச் சென்றுவிட வேண்டும்.